ஞாபகத்துக்கு ஒரு பட்டா

மளிகைக் கடையில் பருப்பையும் வத்தலையும் எடைபோட்டு வாங்குகிறவர்கள்கூட, பெருங்காயம், ஊதுபத்தி, தீப்பெட்டி என்று வந்துவிட்டால் "மார்க்" சொல்லித்தான் கேட்பார்கள். "அண்ணாச்சி, போன தடவை குடுத்தீங்களே, மயில் படம் போட்டது, அதையே குடுங்க." தயாரித்த கம்பெனி எது, எந்த ஊர் என்பதெல்லாம் கேட்கிறவருக்குத் தெரியாது. மயில் ஞாபகம் இருக்கிறது, போன தடவை சரக்கு நன்றாக இருந்ததும் ஞாபகம் இருக்கிறது. இந்த இரண்டு ஞாபகங்களையும் முடிச்சுப் போட்டு வைத்திருப்பதுதான் வணிகக்குறி. நம் ஊர் வழக்கில் டிரேட்மார்க்.

சட்டத்துக்கு இந்தக் கடை வழக்கம் புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனிலிருந்து பம்பாய்க்கும் ஏடனுக்கும் சிவப்புச் சாய நூல் கப்பலேறியது. நூல்கட்டின் மேல் ஒட்டிய சீட்டில் இரண்டு யானைகள். ஆங்கிலம் படிக்கத் தெரியாத வியாபாரிகள் அதை "இரண்டு யானை" என்று சொல்லியே வாங்கினார்கள். இன்னொரு கம்பெனியும் இரண்டு யானைகள் உள்ள சீட்டை அச்சிட்டு இறங்கியது. பெயர் வேறு, படத்தின் நுணுக்கங்கள் வேறு. ஆனாலும் வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்று, 1882-இல் முதல் கம்பெனியே வென்றது. சந்தையில் சரக்கு எந்தப் பெயரால் கேட்கப்படுகிறதோ, அந்தப் பெயரைத் திருடக் கூடாது என்பதே தீர்ப்பின் சாரம். 1923-இல் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலும், பின்னால் வந்த பட்டாசும், படிக்காதவரும் படம் பார்த்துக் கேட்கும்படி விலங்குகளையும் பறவைகளையும் லேபிளில் ஏற்றியே வளர்ந்தன.

இன்று வீட்டில் இட்லிப் பொடி இடித்து விற்கிறவருக்கும் திருப்பூரில் பத்துத் தையல் மெஷின் வைத்திருக்கிறவருக்கும் எழும் கேள்வி ஒன்றே: நம் பெயரைக் காப்பாற்ற எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது? பதிவு செய்வதா, செய்யாமலே சமாளிப்பதா? சொல்லைப் பதிவதா, படத்தைப் பதிவதா? எத்தனை வகுப்பில், யார் பெயரில்? இவற்றுக்குத் தனித்தனி விடைகள் உண்டு. ஆனால் எல்லா விடைகளும் ஓர் இடத்திலிருந்தே கிளைக்கின்றன. வாங்குகிறவரின் மனதில் என்ன பதிந்திருக்கிறதோ, அதைத்தான் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அங்கே பதியாத ஒன்றுக்கு அரசுச் சான்றிதழ் பெரிய உதவி செய்யாது.

பெயர் வைக்கும்போதே பாதி வேலை

விருதுநகர் பக்கம் ஓர் அக்கா இட்லிப் பொடி வியாபாரம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். "இட்லிப் பொடி" என்றே பெயர் வைத்தால் அது பொருளின் பெயர், யாருக்கும் சொந்தமாகாது. "காரசாரம்" என்றால் பொருளின் குணத்தைச் சொல்லும் பெயர். 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிகள் சட்டத்தின் 9-ஆம் பிரிவு இத்தகைய வருணனைப் பெயர்களைப் பொதுவாக மறுக்கும். "அம்மிக்கல்" என்றால் பொடியை நேரடியாகச் சொல்லாமல் குறிப்பாக உணர்த்துகிறது, தேறலாம். "கட்டுமரம்" என்று வைத்தால் பொடிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பாட்டி மீனாட்சி, தாத்தா ராசு இருவரையும் சேர்த்து "மீனராசு" என்று புதுச் சொல்லே கட்டினால், அகராதியில் இல்லாத பெயர், பாதுகாப்பில் முதலிடம்.

இங்கேதான் சிறு வணிகர்கள் சறுக்குகிறார்கள். முதல் நாளே விற்க வேண்டும் என்ற அவசரத்தில், பார்த்தவுடன் பொருள் புரியும் பெயரை விரும்புகிறார்கள். விற்க எளிதான பெயர் காக்கக் கடினமானது. "கட்டுமரம்" என்ற பெயரைச் சந்தையில் பழக்க ஆறு மாதம் கூடுதலாக ஆகலாம். பழகிவிட்டால் பக்கத்துக் கடைக்காரர் அதைத் தொட முடியாது. "காரசாரம்" முதல் வாரமே விற்கும், அடுத்த மாதம் தெருவுக்கு நாலு காரசாரம் முளைக்கும். வருணனைப் பெயர்களுக்குச் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருப்பது உண்மைதான். பல காலம் பயன்பட்டு, அந்தப் பெயரைக் கேட்டாலே இன்னார் சரக்கு என்று மக்கள் நினைக்கும் நிலை வந்துவிட்டால் பதிவு கிடைக்கும். அதை நிரூபிக்கும் சுமை நம் தலையில்.

சாமி பெயர்கள் இன்னொரு பொறி. முருகன், லட்சுமி, கிருஷ்ணா என்று வைக்கத் தடையில்லை, பதிவும் கிடைப்பதுண்டு. ஆனால் பிறரைத் தடுக்கும் வலு குறைவு. "கிருஷ்ணா" என்ற பெயரில் நெய் விற்ற நிறுவனம், அதே பெயரை வேறு சொற்களோடு சேர்த்த போட்டியாளரைத் தடுக்கக் கேட்டபோது, பாற்பொருள்களில் பலரும் புழங்கும் பெயர் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2011-இல் மறுத்தது. ஊதுபத்திக்கு "ராமாயண்" என்ற பெயரைத் தனியுரிமையாக்க முயன்ற வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் தனக்கென்று வளைத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சொன்னது.

ஊர்ப் பெயருக்கும் இதே கதி, ஆனால் அதற்கென்று தனி வேலி உண்டு. கோவில்பட்டி கடலை மிட்டாய், மணப்பாறை முறுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. அது ஊருக்கே பொதுவான உரிமை, தனி நபர் அந்தப் பெயரை வணிகக்குறியாக்கிக்கொள்ள முடியாது. கோவில்பட்டியில் கடலை மிட்டாய் காய்ச்சுகிறவர் புவிசார் குறியீட்டின் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிந்துகொண்டு, அதற்கு மேல் தன் கடைக்கென்று ஒரு தனிப் பெயரை வணிகக்குறியாகவும் பதியலாம். ஊர்ப் பெயர் தரத்துக்குச் சாட்சி, கடைப் பெயர் ஆளுக்குச் சாட்சி. இரண்டும் சேர்ந்தால் பாக்கெட்டுக்கு இரட்டைப் பூட்டு.

அம்பாளும் ஆண்டாளும்

ஒரு பெயர் இன்னொன்றைப் போல இருக்கிறதா என்பதை நீதிமன்றம் எப்படி அளக்கிறது? தமிழர்களுக்கு நெருக்கமான உதாரணம் மூக்குப்பொடியில் இருக்கிறது. சென்னையில் "ஸ்ரீ அம்பாள்" என்ற பெயரில் ஒரு நிறுவனம் மூக்குப்பொடி விற்றுவந்தது. இன்னொரு வியாபாரி "ஸ்ரீ ஆண்டாள்" என்ற பெயரைப் பதிய விண்ணப்பித்தார். அம்பாள் சிவனின் துணைவி, ஆண்டாள் பெரியாழ்வார் மகள். கோயில் வேறு, கதை வேறு, இருவரையும் யார் குழப்பிக்கொள்வார் என்பது அவர் வாதம். 1969-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மூக்குப்பொடி வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் அந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒப்புமையைக் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது, காதாலும் கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒருமுறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், தீர்ப்பின் நியாயம் புரியும்.

அதற்கு முன் 1962-இல் வந்த "அமிர்ததாரா" வழக்கிலும் இதே அளவுகோல்தான். "லட்சுமண்தாரா" என்ற மருந்துப் பெயரை அமிர்ததாரா மருந்துக்காரர்கள் எதிர்த்தபோது, ஒன்று அமிர்தத்தின் தாரை, மற்றது லட்சுமணனின் தாரை, பொருளே வேறு என்று உயர் நீதிமன்றம் கருதியது. உச்ச நீதிமன்றம் மறுத்தது. சாதாரண அறிவும் அரைகுறை ஞாபகமும் உள்ள ஒருவர் பெயரைப் பிரித்துப் பதவுரை எழுதிக்கொண்டிருக்க மாட்டார். மொத்த ஓசைதான் அவர் மனதில் நிற்கும். ஆனால் எதிர்த்தவர்கள் நெடுநாள் தெரிந்தும் சும்மா இருந்துவிட்டதால், லட்சுமண்தாரா உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும் பதிவு பெற்றது. அரைகுறை ஞாபகமே அளவுகோல், தூங்கிவிட்டால் உரிமை தேயும் என்ற இரண்டு பாடங்களும் ஒரே வழக்கில் கிடைக்கின்றன.

ஆகவே பெயரை முடிவு செய்யுமுன் வணிகக்குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் பொதுத் தேடலைச் செய்து பார்க்க வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. எழுத்துக்கு எழுத்து தேடினால் மட்டும் போதாது. ஓசையால் தேடும் வசதியும் அங்கே இருக்கிறது. அம்பாள் ஆண்டாளை நினைவில் வைத்து அதையும் பயன்படுத்த வேண்டும்.

பட்டாவும் அனுபவமும்

நிலத் தகராறு பார்த்தவர்களுக்கு அடுத்த விஷயம் எளிதில் விளங்கும். பட்டா ஒருவர் பெயரில் இருக்கும், அனுபவம் இன்னொருவரிடம் இருக்கும். வணிகக்குறியில் பட்டா என்பது பதிவு, அனுபவம் என்பது முன்பயன்பாடு. இந்தியச் சட்டம் இரண்டையும் மதிக்கிறது, மோதினால் பெரும்பாலும் அனுபவத்தின் பக்கம் சாய்கிறது.

திருநெல்வேலியின் இருட்டுக்கடை அல்வா இதற்குச் சரியான சாட்சி. நெல்லையப்பர் கோயில் அருகே மங்கலான விளக்கொளியில் நடந்த கடைக்கு மக்களே வைத்த பெயர் அது. "திருநெல்வேலி" என்ற சொல்லை முன்னால் சேர்த்து அதே பெயரைப் பயன்படுத்திய இன்னொருவரும் பதிவுச் சான்று வைத்திருந்தார். 2015-இல் உச்ச நீதிமன்றம், பதிவு பெற்றவரைவிட முதலில் பயன்படுத்தி நற்பெயர் சம்பாதித்தவரின் உரிமையே மேல் என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் 34-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது: நமக்கு முன்பிருந்தே தொடர்ந்து பயன்படுத்துகிறவரை நம் பதிவைக் காட்டித் தடுக்க முடியாது.

அப்படியானால் பதிவு எதற்கு? செலவையும் அலைச்சலையும் எண்ணிப் பார்த்தால் விடை தெரியும். பதியாத பெயருக்காக வழக்குப் போடுகிறவர் மூன்றை நிரூபிக்க வேண்டும்: தன் பெயருக்குச் சந்தையில் நற்பெயர் இருக்கிறது, எதிராளி தன் சரக்கை இவருடையது என்று மக்களை நம்பவைக்கிறார், அதனால் இவருக்கு நட்டம். விற்பனைக் கணக்கு, விளம்பரச் செலவு, வாடிக்கையாளர் சாட்சியம் என்று மூட்டை மூட்டையாகக் காகிதம் வேண்டும். பதிந்தவருக்குச் சான்றிதழே முதல்நிலை ஆதாரம். இன்னொன்று சிறு வணிகருக்கு முக்கியம். பதிந்த குறியை ஒருவர் மீறினால், நாம் தொழில் செய்யும் ஊரின் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடர 134-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பதியாத பெயருக்கு இந்தச் சலுகை இல்லை. போலி பாக்கெட் சூரத்தில் அச்சானால், விருதுநகர் அக்கா குஜராத்துக்கு ரயிலேற வேண்டிவரலாம். இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே பதிவுக் கட்டணத்தைக் கட்டலாம்.

பலர் இங்கே ஏமாறுவது வேறு ஆவணங்களை நம்பி. ஜிஎஸ்டி எண், உணவுப் பாதுகாப்பு உரிமம், உத்யம் சான்று, கம்பெனிப் பெயர்ப் பதிவு, இணைய முகவரி ஆகிய எதுவும் வணிகக்குறி உரிமை தராது. அவை தொழில் நடக்கிறது என்பதற்கும், எப்போதிருந்து நடக்கிறது என்பதற்கும் ஆதாரம், அவ்வளவுதான். பழைய பில் புத்தகமும் அப்படியே. ஆனால் முன்பயன்பாட்டு வழக்கில் அந்தப் பில் புத்தகத்துக்கு இருக்கும் மதிப்பைப் பார்த்தால், அதைப் பரணில் எலிக்குப் போட மனம் வராது.

சொல்லா, படமா?

பதிவது என்று முடிவானால், எதைப் பதிவது? வெறும் சொல்லைப் பதிந்தால், எந்த எழுத்துருவில், எந்த நிறத்தில் எழுதினாலும் காப்பு உண்டு. லேபிளைப் பதிந்தால், அந்த மொத்த அமைப்புக்குத்தான் காப்பு. அதில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே உரிமை கொண்டாட முடியாது என்கிறது 17-ஆம் பிரிவு. பெயர் வருணனையாக இருப்பவர்கள் லேபிள் வழியாக உள்ளே நுழையப் பார்ப்பார்கள். பதிவு கிடைத்துவிடும், "காரசாரம்" என்ற சொல் மட்டும் அப்போதும் ஊர்ச் சொத்தாகவே இருக்கும்.

பால் கூட்டமைப்புக்கும் உணவகத்துக்கும் நடந்த ஒரு வழக்கு இதைக் காட்டுகிறது. கர்நாடகப் பால் உற்பத்தியாளர் கூட்டமைப்பின் "நந்தினி" 1985 முதல் புழக்கத்தில் உள்ளது. பெங்களூரின் "நந்தினி டீலக்ஸ்" உணவகம் 1989-இல் தொடங்கியது. உணவகம் தன் பெயரைப் பதியச் சென்றபோது கூட்டமைப்பு எதிர்த்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் உணவகத்தின் பக்கம் நின்றது. நந்தினி தேவியின் பெயர், பசுவின் பெயர்; இரண்டு சின்னங்களின் தோற்றமும் வேறு, விற்கும் பொருளும் வேறு. ஊரறிந்த பொதுப் பெயரை வைத்தவர், எவ்வளவு பெரியவரானாலும், தன் பொருளைத் தாண்டி அதிகத் தூரம் வேலி போட முடியாது.

கையில் ஒரே விண்ணப்பத்துக்கான பணம்தான் என்றால், பெயர் வலுவானதாக இருக்கும்பட்சத்தில் சொல்லையே முதலில் பதிய வேண்டும். லேபிள் இரண்டு ஆண்டில் மாறும், பெயர் மாறாது. மயில் மார்க் போலப் படத்தைச் சொல்லிக் கேட்கும் வாடிக்கையாளர்கள் இருந்தால் படத்துக்கு முதலிடம். படத்தைக் கறுப்பு வெள்ளையில் பதிந்தால் எல்லா நிறங்களுக்கும் பொருந்தும். பாக்கெட்டில் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தால், எந்த எழுத்து அதிகம் பழகியதோ அதை முன்வைக்க வேண்டும்.

படம் வரைந்து கொடுத்தவரையும் மறந்துவிடக் கூடாது. சம்பளத்துக்கு இல்லாமல் வெளியே ஒரு டிசைனரிடம் லோகோ வாங்கினால், பணம் கொடுத்ததாலேயே அதன் பதிப்புரிமை நம்முடையது ஆகிவிடாது. உரிமையை மாற்றித் தருவதாக எழுத்தில் ஒரு பக்கம் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். இதை வேலை முடிந்த அன்றே செய்தால் டீ செலவோடு முடியும். பிராண்ட் வளர்ந்தபின் கேட்டால் விலை வேறு.

எந்த வகுப்பு, யார் பெயரில்?

பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 34 வகுப்புகள் பொருளுக்கு, 11 சேவைக்கு. மசாலாப் பொடி, காபி, மாவு, இனிப்பு ஆகியவை 30-ஆம் வகுப்பில் வரும். செக்கு எண்ணெய், நெய், ஊறுகாய் 29-இல். சோப்பும் ஊதுபத்தியும் 3-இல். ஆயத்த ஆடை 25-இல். உணவகம், மெஸ் நடத்துவது 43-இல். பிறர் சரக்கை வாங்கி விற்கும் கடை 35-இல். ஒவ்வொரு வகுப்புக்கும் தனிக் கட்டணம். நாளை எண்ணெயும் விற்கலாம், மெஸ்ஸும் போடலாம் என்று கனவு காணும் வகுப்புகளுக்கெல்லாம் இன்றே பணம் கட்டத் தேவையில்லை. பதிந்துவிட்டு 5 ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தாத குறியை நீக்கக் கோரி, அதனால் பாதிக்கப்படுகிறவர் விண்ணப்பிக்கவும் இடமுண்டு. இன்று பில் போடும் பொருளும், ஓராண்டுக்குள் உறுதியாக வரப்போகும் பொருளும் போதும்.

யார் பெயரில் என்பது இன்னும் கூர்மையான கேள்வி. அப்பா தொடங்கிய கடை, அண்ணன் தம்பி இருவர் உழைப்பு, மருமகன் பெயரில் ஜிஎஸ்டி, பதிவு மட்டும் மூத்தவர் பெயரில் என்று கலந்து கிடக்கும் குடும்பத் தொழிலில், பெயர் பெரிதாகும் அன்றுதான் சண்டை வெடிக்கும். கூட்டு நிறுவனமா, கம்பெனியா, தனி நபரா என்பதை முதலில் தெளிவாக்கி, உரிமையாளர் தனி ஆள் என்றால் மற்றவர்கள் எந்த நிபந்தனையில் பெயரைப் பயன்படுத்துகிறார்கள் என்பதை எழுதி வைக்க வேண்டும். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கிணற்றுத் தண்ணீர் முறையை எழுதுகிறவர்கள் கடைப் பெயரை எழுத மறந்துவிடுகிறார்கள்.

விண்ணப்பத்தின் பயணம்

பதிவகத்தின் சென்னை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. விண்ணப்பத்தை இணையம் வழியாகவே அனுப்பலாம். 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, இணையத்தில் அனுப்பினால், தனி நபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் ஆகியோருக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. சிறு நிறுவனச் சலுகைக்கு உத்யம் சான்று வேண்டும். ஏற்கெனவே பயன்படுத்துகிறோம் என்று தேதி சொன்னால், பிரமாண வாக்குமூலமும் பழைய பில் போன்ற ஆதாரங்களும் சேர்க்க வேண்டும். தேதியை மிகைப்படுத்திச் சொல்வது பிற்பாடு நம் காலையே வாரும்.

பிறகு தேர்வு அறிக்கை வரும். இணையதளத்தில் "ஆட்சேபிக்கப்பட்டது" என்ற நிலையைப் பார்த்ததும் பலர் விண்ணப்பம் செத்துவிட்டதாக நினைக்கிறார்கள். அது அதிகாரி எழுப்பும் கேள்வி, ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால்தான் கைவிட்டதாகக் கொள்ளப்படும். பதில் ஏற்கப்பட்டால், அல்லது விசாரணைக்குப் பின் ஏற்கப்பட்டால், வணிகக்குறி இதழில் குறி வெளியாகும். அதிலிருந்து 4 மாதங்களுக்குள் யாரும் எதிர்க்கலாம். எதிர்ப்பு அறிவிப்பு வந்தால் 2 மாதங்களுக்குள் எதிருரை தாக்கல் செய்யாதவரின் விண்ணப்பம் தானாகவே போய்விடும். ஆட்சேபம் அரசு அலுவலகத்திலிருந்து, எதிர்ப்பு மூன்றாம் நபரிடமிருந்து. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு கெடுவைத் தவறவிடாமல் இருந்தால் பாதி விண்ணப்பங்கள் பிழைக்கும்.

பதிவு கிடைத்தால் உரிமை விண்ணப்பித்த நாளிலிருந்தே செல்லும், 10 ஆண்டுகளுக்கு. பின்னர் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம், வகுப்புக்கு 9,000 ரூபாய். வட்டத்துக்குள் இருக்கும் ஆர் எழுத்தைப் பதிவுக்குப் பிறகுதான் போட வேண்டும், முன்கூட்டிப் போடுவது சட்டப்படி தவறு. டிஎம் என்று போட யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பதிவு இந்திய எல்லைக்குள் மட்டுமே செல்லும். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பொடி அனுப்புகிறவர்கள் அங்கும் தனியே காப்புத் தேட வேண்டும். 2013-இல் இந்தியா சேர்ந்த மாட்ரிட் ஏற்பாட்டின் கீழ் ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் குறிப்பிடலாம். முதல் 5 ஆண்டுகள் அந்த வெளிநாட்டுப் பாதுகாப்பு இந்தியப் பதிவைச் சார்ந்தே நிற்கும் என்பதால் அடித்தளம் வலுவாக இருப்பது நல்லது.

சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டால் வேலை முடிந்துவிடாது. யாரோ ஒருவர் நம் பெயரைப் போன்ற பெயரைப் பதிந்து பயன்படுத்த, நாம் தெரிந்தும் 5 ஆண்டுகள் பேசாமல் இருந்தால், பிறகு அவரைத் தடுக்கும் உரிமையை 33-ஆம் பிரிவு பெரும்பாலும் பறித்துவிடும். அமிர்ததாரா வழக்கின் பாடம்தான் அது.

எதை முதலில் செய்வது?

எல்லா வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வரிசை தெளிவாகிறது. நல்ல பெயர் வைக்கச் செலவில்லை, அதனால் அது முதலில். இரண்டாவது, பெயர் அச்சிட்ட பில்லும் பாக்கெட்டும் தேதியோடு பாதுகாப்பது. மூன்றாவது, முக்கியப் பொருளின் ஒரே வகுப்பில், உரிமையாளர் யார் என்று முடிவு செய்தபின், சொல்லையோ படத்தையோ பதிவது. மற்ற வகுப்பு, வெளிநாடு எல்லாம் வருமானம் வளரும் வேகத்தில் வரலாம். ஒரு திருவிழாவில் மட்டும் கடை போட்டுவிட்டுப் போகிறவருக்குப் பதிவு வேண்டாம். இரண்டாவது ஊரில் பாக்கெட் விற்கத் தொடங்கிய யாருக்கும் வேண்டும்.

சொல்லா, படமா என்ற குழப்பம் தீராதவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் காசைக் கொடுத்து, பாக்கெட்டைக் காட்டாமல், "போன வாரம் வாங்கினோமே, அந்தப் பொடியை வாங்கிட்டு வா" என்று கடைக்கு அனுப்புங்கள். கல்லாவின் முன் நின்று அந்தப் பிள்ளை என்ன சொல்லிக் கேட்கிறதோ அதைப் பதியுங்கள். ஒன்றும் சொல்லத் தெரியாமல் வெறுங்கையோடு திரும்பி வந்தால், விண்ணப்பத்தை ஒத்திப்போட்டுவிட்டு முதலில் பெயரை மாற்றுங்கள்.